மூச்சு வாங்கிய இடம்

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எமல்டா பத்தரைக்கே வந்து ஸ்டூடியோவின் முன்னறையில், கறுப்பு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓரம்தான் அவளுக்குச் சௌகரியம். நடுவில் உட்கார்ந்தால் உள்ளே அமிழ்ந்துபோகும், எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருக்கும், கூப்பிட்டவுடன் எழுந்து நிற்க முடியாது. பத்தொன்பது வருடமாக எந்த ஸ்டூடியோவிலும் அவள் கூப்பிட்டவுடன் எழுந்து நிற்கிறவள்தான். கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். பைக்குள் போன் இருந்தது. அதை எடுக்கக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். வடபழனி சிக்னலில் ஒரு தடவை எடுத்துப் பார்த்தாகிவிட்டது, சாலிகிராமத்தில் இறங்கியதும் டீக்கடை ஓரம் நின்று இன்னொரு தடவை, அவ்வளவுதான், இனி இல்லை, பாடி முடித்து வீடு போய்ச் சேரும்வரை இல்லை. இல்லை என்று நினைக்கும்போதே உள்ளங்கைக்குக் கீழே அது உயிரோடு கிடப்பதுபோல் இருந்தது. இந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை பேர் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். எங்கேயோ ஒரு ஹாஸ்டல் அறையில் ஒரு பெண் காதில் மாட்டிக்கொண்டு படுத்திருப்பாள், துபாயில் ஒருத்தன் லாரிக்குள் உட்கார்ந்து கேட்பான், அவர்கள் எல்லாரும் கீழே எழுதுகிறார்கள், யாரும்மா நீ, உன் பேர் என்னம்மா, எங்கே இருக்கே. அவள் இங்கே இருக்கிறாள். இந்த சோபாவின் ஓரத்தில். ஏ.சி. நேராகக் கழுத்தில் அடித்தது. தொண்டைக்கு ஆகாது என்று துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

அவள் டிராக் பாடுகிறவள். யாராவது கேட்டால் இதை விளக்கிச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. பாட்டு உருவாகும்போது அது எப்படி வரும் என்று பார்க்க முதலில் யாராவது பாடிவைக்க வேண்டும். பெரிய பாடகி அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து பாடுவார். பாடியதும் முதல் குரலை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிடுவார்கள் என்றால் அழித்துவிடுவார்கள். வீடு கட்டும்போது சாரம் கட்டுகிற மாதிரி என்று ஒருநாள் கணவன் சேவியர் தன் கூரியர் ஆபீஸ் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நல்லதாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். அதற்கு முன்னால் அவள் கோரஸ். அதற்கும் முன்னால் தூத்துக்குடியில் கோயில் பாடற்குழு. எமல்டா குரல் தனியாகவே தெரியாது, எல்லார் குரலிலும் கலந்துவிடும், அது ஒரு வரம் என்று பங்குச் சாமியார் அவள் தலையில் கை வைத்துச் சொன்னார். பதினாறு வயதில் அந்த வார்த்தைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டாள். வரம்! வீடுவரை ஓடியே போனாள். தெரியாமல் இருப்பது எப்படி வரமாகும் என்று அன்றைக்கே திரும்பி நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது, அவர் சிரித்திருப்பார். இப்போது கேட்கிறாள். நாற்பத்தாறு வயதில். இப்போது கேட்டால் அதற்கு வேறு பேர் சொல்கிறார்கள். லீக். காப்பிரைட். துரோகம் என்றுகூடச் சொல்வார்கள், சொன்னால் அதிலும் தப்பில்லை.

கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே சவுண்ட் இன்ஜினியரின் நாற்காலி தெரிந்தது. புதிதாக ஒருவர் அதில் உட்கார்ந்து உயரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அதில் உட்கார்ந்திருந்த குணாளன் ரொம்ப உயரம், அதனால் அவன் நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருப்பான், முழங்கால் மேஜையில் இடிக்கும், இடிக்கும்போதெல்லாம் ஸ்ஸ் என்பான். புது ஆள் ஏற்றுகிறார், போதவில்லை, இன்னும் ஏற்றுகிறார். எமல்டா பார்வையைத் திருப்பி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சுவரில் அந்தப் படத்தின் போஸ்டர். பார்க்க வேறு இடமே இல்லையா இந்த அறையில். அந்தப் படத்தில்தான் அந்தப் பாட்டு. போகாதே என்றேனா, போ என்றேனா. அவ்வளவுதான் பல்லவி. கிருபா, இந்த ஸ்டூடியோவுக்குச் சொந்தக்காரர், முப்பது வயதில் ஆறு படம் பண்ணிவிட்ட இசையமைப்பாளர், அன்றைக்கு அதைக் கீபோர்டில் வாசித்துக் காட்டியபோது அவளுக்குச் சளி பிடித்து முழுதாகக் குணமாகாத நேரம். சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். பாடினாள். இரண்டாவது தடவை பல்லவிக்குத் திரும்பும்போது, போகாதே என்றேனா என்று இழுத்து இறங்கின இடத்தில் மூச்சு தீர்ந்துபோய்விட்டது. சுத்தமாக இல்லை. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு தொண்டை தானாக ஒரு சின்ன மூச்சைப் பிடித்து இழுத்து, அந்த இழுப்பின் சத்தத்தோடேயே, போ என்றேனா என்று பாதிக் குரலில் விழுந்தது. சாரி தம்பி, மூச்சு முட்டிடுச்சு, இன்னொரு தடவை போறேன் என்றாள். ஹெட்போனில் கிருபாவின் குரல் வந்தது: "இல்லக்கா. இருக்கட்டும். அதை அப்படியே வையுங்க." அவ்வளவுதான் நடந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன் கழுவினாள்.

நாலு மாதம் கழித்துப் பாட்டு வந்தது, வரிகள் ஓடுகிற வீடியோவாக. மும்பையிலிருந்து வந்த பாடகி பாடியிருந்தார். எமல்டா சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்டாள். எப்போதும் கேட்பாள். தான் பாடிவைத்த பாட்டை இன்னொருவர் எப்படிப் பாடியிருக்கிறார் என்று கேட்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் உண்டு, வளர்த்த பிள்ளையைக் கல்யாணக் கோலத்தில் பார்க்கிற மாதிரி, இல்லை, அந்த மாதிரி இல்லை, அது பிறருக்குச் சொல்லிக்கொள்வது. உண்மையில் என்ன சந்தோஷம் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் பதினான்கு நொடி. அந்த இடம் வந்தது. அந்தப் பாடகி போகாதே என்றேனா என்று இறங்கினார், நிறுத்தினார், சின்னதாக மூச்சை இழுத்தார், போ என்றேனா என்று பாதிக் குரலில் விழுந்தார். எமல்டா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். திரும்பப் போட்டாள். அவருக்கு மூச்சு முட்டவில்லை. நன்றாகத் தெரிகிறது, அவரிடம் நெஞ்சு நிறைய மூச்சு இருக்கிறது, இருந்தும் இல்லாத மாதிரிக் காட்டுகிறார், கற்றுக்கொண்டு வந்து காட்டுகிறார், எமல்டாவின் மார்ச்சளியைப் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். கீழே கமென்ட்கள். இரண்டு பதினான்கு, உயிரே போயிடுச்சு. இரண்டு பதினான்குக்காக நாற்பது தடவை கேட்டேன். அந்த மூச்சு! அந்த மூச்சுக்கு நேஷனல் அவார்டு கொடுக்கணும். முந்தி இதெல்லாம் கிடையாது. முந்தி கேசட்டில் ஒரு பாட்டு பிடித்தால் பிடித்தது, எந்த இடம் பிடித்தது என்று யார் யாரிடம் சொல்வார்கள்? இப்போது விரல் வைத்துக் காட்டுகிறார்கள். நிமிடம், நொடி. ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் விரல் வைக்கிறார்கள், வைத்த இடம் அவள் நெஞ்சு. அவள் அங்கே சமையலறையில் நின்றுகொண்டு, நான்தாம்மா, அது நான்தாம்மா என்றாள். சத்தமாகவே சொன்னாள். குக்கர் விசில் அடித்தது.

அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தாள்தான், எட்டு நாள் இருந்தாள். எட்டு நாளும் கமென்ட்களைப் படித்தாள், காய்கறி வாங்கும்போது, பஸ்ஸில், பாத்ரூமில். ஒன்பதாம் நாள் மத்தியானம் மகள் ஷெரின் காலேஜுக்குப் போயிருந்தாள், சேவியர் ஆபீஸில். எமல்டாவிடம் அவளுடைய டிராக் இருந்தது. குணாளன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. கேட்டுட்டு அழிச்சிடுங்கக்கா, தெரிஞ்சா என் வேலை போயிடும் என்று கீழே எழுதியிருந்தான். அவள் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை, அந்த ஒரு தடவைதான் வாய்விட்டுக் கேட்டாள், அவனும் இரக்கப்பட்டு அனுப்பினான். அழிக்கவில்லை. பால்கனியில் மழையில் நனைந்த கொடிக் கயிற்றை ஒரு போட்டோ எடுத்து, பாட்டுக்குப் படமாக வைத்தாள். மகள் ஒரு சமயம் கோயில் பாட்டுக்கென்று சேனல் தொடங்கிக் கொடுத்தபோது எப்படி எப்படி அழுத்தினாள் என்பது ஞாபகம் இருந்தது. புதிதாக இன்னொரு சேனல் தொடங்கினாள். பெயர் கேட்டது. என்ன பெயர் போடுவது என்று அரைமணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் 'ஒரு குரல்' என்று போட்டாள். சொந்தப் பெயரைப் போடத் தைரியம் இல்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை, இரண்டுக்கும் நடுவில் அது ஒரு பெயர். யார் கேட்கப்போகிறார்கள், பத்துப் பேர், இருபது பேர், இருபது பேர் கேட்டால் போதும், யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இது அசல் மாதிரி இருக்கே என்று எழுதினால் போதும், எடுத்துவிடலாம். அழுத்தினாள். அழுத்தியதும் உடனே பயந்து எழுந்து வெளிக்கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாளே பாட்டின் உரிமையை வைத்திருக்கிற கம்பெனி சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் இப்போது வெறும் சாம்பல் நிறம். ஆனால் அதற்குள் எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். மழைப் படம் போட்டு ஒருத்தன், ரயில் ஜன்னல் போட்டு ஒருத்தி, மெதுவாக்கி, வேகமாக்கி, கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி எதிரொலி வைத்து. ஒன்றை எடுத்தால் நாலு முளைத்தது. அசலைவிட இது நல்லா இருக்கு. இதுதான் அசல். மும்பையிலேர்ந்து எதுக்கு ஆள் கூட்டிட்டு வர்றீங்க, ஊர்ல ஆள் இல்லையா. அப்புறம் அந்தப் பாடகியின் பக்கத்துக்கே போய்த் திட்ட ஆரம்பித்தார்கள், கேட்கக் கூசுகிற வார்த்தைகள், அவர் தப்பு என்ன பண்ணினார், பாடச் சொன்னதைப் பாடினார். எமல்டா அதையும் படித்தாள். படிக்கும்போது உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் இனித்தது. அந்த இனிப்பை நினைத்து ஞாயிற்றுக்கிழமை பூசையில் கைகட்டி நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டாள். குடும்ப குரூப்பில் சேவியரே அந்த மழைப் படத்தை அனுப்பியிருந்தான். ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டான், "எமி, இந்தப் பொண்ணு குரல் உன் குரல் மாதிரியே இல்ல?" இல்லை என்றாள். "ஏய் கொஞ்சம் கேளேன்" என்றான். கேட்டேன், இல்லை என்றாள். ஷெரின் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "உனக்குமா?" என்றாள் எமல்டா, "நான் இல்லடி." மூன்று தடவை. வேதத்தில் ஆண்டவரை மறுதலித்த சீடனுக்குக் கூவின சேவல்தான் கூவவில்லை, கீழ் வீட்டு மிக்சி ஓடியது. இருபத்திரண்டு வருடம் கூடவே வாழ்கிறவன், குரல் மாதிரி இருக்கிறது என்கிறான். மாதிரி. அதற்குள் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தியின் பெயரைக் கமென்ட்டில் யாரோ எழுத, அவள்தான் என்று பரவிவிட்டது. இருபது வயது இருக்கும், சொந்தச் சேனல் வைத்திருக்கிறாள், அழகாக இருக்கிறாள். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கைகூப்புகிற பொம்மையை மட்டும் போட்டாள். அந்தக் கூப்பின கையைப் பார்த்த அன்றுதான் எமல்டாவுக்கு முதன்முதலாக நிஜமாகவே மூச்சு அடைத்தது.

குணாளனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். முந்தாநாள். டிராக்கை வெளியே கொண்டுபோக வேறு யாரால் முடியும், கம்ப்யூட்டரில் அவன் பிரதி எடுத்த தடம் இருக்கிறது, யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள், அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை போன் பண்ணினான். அவள் எடுக்கவில்லை. மேஜைமேல் அது அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எழுதினான். அந்த வரிகள் அவளுக்கு மனப்பாடம், போனை எடுக்கத் தேவையே இல்லை. அக்கா, நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும். உங்க போன்ல இருந்து யாராவது எடுத்திருப்பாங்க. பயப்படாதீங்க, உங்க பேரை நான் சொல்லல. உங்க பேரை நான் சொல்லல. எல்லாரும் பேர் என்ன பேர் என்ன என்று கேட்கிறார்கள், தெரிந்த ஒருத்தன் வேலை போனாலும் பரவாயில்லை என்று சொல்லாமல் வைத்திருக்கிறான். திட்டியிருக்கலாமே. பாவி, என் சோத்துல மண்ணைப் போட்டியே என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும் என்கிறான். அதற்குப் பதில் எழுத இரண்டு நாளாக முடியவில்லை. நன்றி தம்பி என்று ஒரு தடவை அடித்து அழித்தாள். இன்றைக்குக் காலையில் கிருபாவின் மேனேஜர் கூப்பிட்டார், அக்கா புதுப் பாட்டு ஒண்ணு, டிராக் வேணும், பதினோரு மணி. அவள் மேல் ஒரு சந்தேகமும் இல்லை. அது நிம்மதி. அதுதான் அவமானமும். எமல்டா அக்காவா, சேச்சே, அவங்களுக்கு டச் போனே சரியா வராது என்றிருப்பார்கள். உள்ளே போய்ப் பாடிவிட்டு வந்துவிடலாம். நாளைக்கு இன்னொரு பாட்டு வரும். ஜனங்கள் பத்து நாளில் வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள், இதை மறந்துவிடுவார்கள். குணாளன் வேறு இடம் தேடிக்கொள்வான், கெட்டிக்காரன். தேடிக்கொள்வானா? பாட்டை வெளியே விட்டவன் என்று பேரெடுத்தவனை எந்த ஸ்டூடியோவில் மெஷின் பக்கம் விடுவார்கள்? சொல்லிவிட்டால்? சொன்னால் அந்தக் கண்ணாடி அறை போய்விடும். இங்கே மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் போய்விடும். வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்த மைக் முன்னால் நிற்பதற்காகத்தான் மற்ற நாட்கள் எல்லாம் இருக்கின்றன என்பது யாருக்குத் தெரியும். அழிக்கப்படுகிற பாட்டாக இருந்தாலும் பாடுகிற அந்த நேரத்தில் அது பாட்டுதானே. அவள்தான் பாடினாள் என்று ஊருக்குச் சொல்ல வேண்டுமென்றால் அவள்தான் திருடினாள் என்றும் சொல்லியாக வேண்டும். ஒன்றை மட்டும் சொல்ல வழியே இல்லை. எத்தனை பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இல்லை, இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

"அக்கா, வாங்க" என்று கதவைத் திறந்தார் கிருபா. "சாரிக்கா, புது ஆளு, எல்லாத்தையும் மாத்தி வைக்கிறாரு. தண்ணி குடிச்சீங்களா?" அவருக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நாலு நாளாக அவரையும்தான் கிழித்துக்கொண்டிருந்தார்கள். குடிச்சேன் தம்பி என்று எழுந்தாள். சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், ஹெட்போனை மாட்டினாள், உலகம் அடங்கியது. மைக் வழக்கத்தைவிட உயரத்தில் இருந்தது, இறக்கிக்கொண்டாள். இசை வந்தது. புல்லாங்குழல், பிறகு மெல்லிய தாளம், நாலு எண்ணிக்கை, இப்போது அவள் நுழைய வேண்டும். வாயைத் திறந்தாள். வரவில்லை. "பரவாயில்லக்கா, திரும்பப் போலாம்." மறுபடி புல்லாங்குழல். நல்ல பாட்டு. இந்தப் பாட்டை இனி பாடப்போவதில்லை என்று தெரிந்ததும் அது இன்னும் நல்ல பாட்டாக இருந்தது. எப்போது முடிவு செய்தாள் என்று பின்னால் யோசித்தபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முடிவு என்று ஒன்று நடக்கவே இல்லை. நாலாவது எண்ணிக்கையில் பாட்டுக்குப் பதில் அது வந்தது.

"தம்பி, அதை நான்தான் போட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிருபா புரியாமல் கையைக் காட்டி இசையை நிறுத்தச் சொன்னார். "என்னக்கா? என்ன போட்டீங்க?"

"அந்தப் பாட்டை. வெளியில விட்டது குணா இல்ல. நான்."

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், களைத்துப்போன சிரிப்பு. "அக்கா, அவன் வந்து உங்ககிட்ட அழுதானா? உங்க மனசு தெரியும்க்கா, அதுக்காக நீங்க இதுல தலையிடாதீங்க. உங்களுக்கு ஒரு வீடியோ ஏத்தவே தெரியாது."

"குணா எனக்கு அனுப்பினான், நான் கேட்டேன்னு. அழிச்சிடச் சொன்னான். நான் அழிக்கல." அவள் குரல் அவள் காதுக்குள்ளேயே கேட்டது, ஹெட்போனில், பக்கத்தில், எதிரொலி இல்லாமல். "முதல்ல வந்த வீடியோல துணி காயப்போடுற கயிறு இருக்கும் தம்பி, மழை சொட்டு நிக்கும். அது என் வீட்டுப் பால்கனி. சிவப்பு க்ளிப் ஒண்ணு உடைஞ்சு தொங்கும், பாருங்க."

புது இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். கிருபா எதையும் பார்க்கவில்லை. அந்தப் படத்தை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பாரோ. கதவைத் திறந்துகொண்டு இந்தச் சின்ன அறைக்குள்ளேயே வந்து நின்றார். இரண்டு பேர் நிற்க அங்கே இடம் கிடையாது.

"ஏன்க்கா?"

அதற்கு நாலு நாளாக, இல்லை, அதற்கு முன்னாலிருந்தே எத்தனையோ பதில் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் எங்கே போயின? "பாட்டு உங்களோடது தம்பி" என்றாள். "வரியும் மெட்டும் எல்லாமே உங்களோடது. அந்த மூச்சு மட்டும் என்னோடது."

அவர் நடுவில் இருந்த மைக்கை ஓரமாகத் தள்ளினார். பிறகு மெதுவாக, கோபம்கூட இல்லாமல், "அதை வெச்சுக்கலாம்னு சொன்னது நான்தானேக்கா" என்றார். "நீங்க அழிச்சிட்டுத் திரும்பப் பாடறேன்னு சொன்னீங்க."

அது உண்மை. அவள் தப்பு என்று நினைத்ததை அழகு என்று கண்டவர் அவர். அவர் காது இல்லாவிட்டால் அது வெறும் இருமலுக்கு முந்தின சத்தம். இதை அவள் யோசித்ததே இல்லை. இனி இதை யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டில், மீன் கழுவும்போது, எப்போதும்.

கிருபா அங்கேயே நின்று குணாளனுக்குப் போன் போட்டார். நாளைக்கு வந்துடு, தப்பு என்னோடது, சாரிடா என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டான். "எமல்டா அக்கா" என்றார் கிருபா. பிறகு ரொம்ப நேரம் காதில் வைத்தபடி நின்றார், யாரும் பேசாத போனை வைத்திருக்கிறவர் முகம். "பக்கத்துலதான் இருக்காங்க, பேசறியா?" என்று கேட்டுப் போனை அவளிடம் நீட்டினார். எமல்டா வாங்கக் கையை நீட்டினாள். அது வந்து சேர்வதற்குள் திரை அணைந்துவிட்டது. வெச்சுட்டான் என்று அவர் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. "போலீஸுக்கெல்லாம் போகமாட்டேன்" என்றார் கிருபா, அவளைப் பார்க்காமல். "ஆனா இனிமே... புரியுதுல்லக்கா." புரியுது தம்பி என்றாள். அக்கா என்று இன்னும் கூப்பிடுகிறாரே என்பதில்தான் கண் கலங்கியது.

உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். அனுப்பவில்லை. கம்பெனியின் இணைய வேலைகளைப் பார்க்கிற ஷர்மிளா என்ற பெண்ணை வரவழைத்தார்கள், முக்கால் மணி நேரத்தில் வந்தாள். முப்பது வயதிருக்கும், ரொம்ப மரியாதையாகப் பேசினாள். அந்தப் பாடகியை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், கோயம்புத்தூர்ப் பெண்தான் பாடினாள் என்று வேறு ஓடுகிறது, அதனால் நீங்களே ஒரு நிமிடம் பேசிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் மேம், சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம சேனலிலேயே போட்டுவிடலாம். ஆறு மணிக்கு சேவியர் ஆபீஸிலிருந்து கிளம்புவான். பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுப்பான். ஷெரினுக்கு அவள் சிநேகிதிகள் அனுப்புவார்கள், உங்க அம்மாவாடி. ராத்திரிச் சாப்பாட்டில் நான் இல்லடி என்று சொன்ன அதே வாய் இதில் நான்தான் என்று அசையும். அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்ல முடியுமா? முதல் வார்த்தை என்னவாக இருக்கும்? ஷர்மிளா ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். வணக்கம், என் பெயர் எமல்டா சேவியர். இணையத்தில் பரவிவரும் பாடலின் டிராக்கைப் பாடியது நான். அனுமதியில்லாமல் அதை வெளியிட்டதும் நான். எமல்டா அதை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பத்தொன்பது வருடத்தில், எத்தனை பாட்டு, எத்தனை படம், அவள் பெயரும் பாடியது என்ற வார்த்தையும் ஒரு காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்தது இதுதான் முதல் தடவை. வட்டமான விளக்கை ஏற்றி எதிரில் வைத்தார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். முகம் கழுவியிருக்கலாம்.

முதல் தடவை பெயர் சரியாக விழவில்லை. "மேம், பேரை மட்டும் கொஞ்சம் தெளிவா" என்றாள் ஷர்மிளா. இரண்டாவது தடவை தெருவில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. மூன்றாவதற்கு முன்னால் ஷர்மிளா கிட்டே வந்து குனிந்து, தன் கையை எமல்டாவின் கைமேல் வைத்தாள். "பயப்படாதீங்க மேம். கமென்ட்ஸை ஆஃப் பண்ணித்தான் போடுவோம். யாரும் கீழே எதுவும் எழுத முடியாது."

எமல்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆஃப் பண்ணாதம்மா" என்றாள்.

"திட்டுவாங்க மேம். ரொம்பக் கேவலமாத் திட்டுவாங்க. உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். திறந்தே வை." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "திட்டட்டும். திட்டினாலும் பேரைச் சொல்லித்தானே திட்டுவாங்க."

ஷர்மிளா பின்னால் போய் நின்று கேமராவை ஓடவிட்டாள். எமல்டா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தெருவில் எந்தச் சத்தம் வந்தாலும் அமுங்கிப்போகாத அளவுக்குத் தன் பெயரைச் சொன்னாள்.